தேர்ச் சிற்பமும் தண்டனைச் சட்டமும்: கலை, ஆபாசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கதையையோ ஓவியத்தையோ படத்தையோ யாராவது ‘ஆபாசம்’ என்று சொல்லிப் புகார் கொடுத்துவிட்டால், எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் பதறிப்போய்க் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சிற்றிதழ் ஒன்றில் பல வருடங்களாக மெய்ப்புப் பார்த்து வருகிறேன். இந்த வழக்குகளின் தீர்ப்புகளைத் தேடிப் படித்ததும் அந்த வேலையின் தேவைக்காகத்தான். சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, அது எங்கே கோடு போட வேண்டும் என்று நான் நினைப்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

இந்தியச் சட்டத்தில் ஆபாசம் என்றால் என்ன?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 294ஆம் பிரிவு இதைப் பற்றியது. அதற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவாக இருந்தது. எண் மாறியது, அபராதத் தொகை கூடியது, மின்னணு வடிவமும் சேர்ந்தது. மற்றபடி உள்ளே இருக்கும் சொற்கள் ஏறக்குறைய அவையேதான்.

ஒரு நூலோ படமோ உருவமோ காமவெறியைக் காட்டுவதாக இருந்தாலும், காம இச்சைக்குத் தீனி போடுவதாக இருந்தாலும் அது ஆபாசம். மொத்தமாகப் பார்க்கும்போது, அதைப் படிக்கவோ பார்க்கவோ கேட்கவோ வாய்ப்புள்ளவர்களின் மனத்தைக் கெடுத்துச் சீரழிக்கும் போக்கு இருந்தாலும் ஆபாசம். முதல் முறை என்றால் 2 ஆண்டு வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும். மறுபடியும் என்றால் 5 ஆண்டு, 10,000 ரூபாய். விற்கிறவர், வாடகைக்கு விடுகிறவர், காட்சிக்கு வைக்கிறவர், இறக்குமதி செய்கிறவர், விற்பதற்காகக் கையில் வைத்திருக்கிறவர் என எல்லோரையும் இந்தப் பிரிவு பிடிக்கும்.

கலைக்கு விலக்கு இல்லையா?

இருக்கிறது. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் நலனுக்காக, பொது நன்மைக்காக வெளியிடப்பட்டது என்று நிரூபித்தால் குற்றமில்லை. இந்த விலக்கு 1969இல்தான் சேர்க்கப்பட்டது. ‘நிரூபித்தால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் கதை கலைதான் என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில் ஏறுகிறது.

இன்னொரு விலக்கு உண்டு. அது வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே இருக்கிறது. கோயிலிலோ, சாமி புறப்பாட்டுக்கான தேரிலோ செதுக்கியிருப்பதும் வரைந்திருப்பதும் இந்தப் பிரிவுக்குள் வராது. பழங்காலச் சின்னங்களுக்கும் அப்படியே.

தேர் நிலையில் நிற்கும்போது அடிப்பகுதியைச் சுற்றி வந்து பார்த்திருக்கிறீர்களா? திருவிழா இல்லாத நாட்களில் தகரம் அடித்து மூடியிருப்பார்கள். திறந்திருக்கும் நாளில் பார்த்தால் யாளி, குதிரை வீரன், பிட்சாடனர் எல்லாம் வரிசையாக இருக்கும். அவற்றுக்கு நடுவே, கைப்பிடி அளவுப் பலகையில், ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் சிற்பங்களும் இருக்கும். எண்ணெய் பட்டுப் பட்டுக் கறுத்து, மூக்கும் விரல்களும் தேய்ந்து போயிருக்கும். அதன் மேல் கை வைத்துத்தான் எல்லோரும் வடம் பிடிக்கப் போகிறார்கள். அங்கே நிற்கும் யாருடைய மனமும் அதனால் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

அதே பலகையைப் புகைப்படம் எடுத்துப் புத்தகத்தில் அச்சிட்டால், என் வாசிப்பில், தேருக்கான விலக்கு அந்தத் தாளுக்குத் தானாக வராது. ‘இது கலை, இது ஆராய்ச்சி’ என்று முதல் விலக்கைத்தான் காட்ட வேண்டியிருக்கும். மரத்தில் இருந்தால் பக்தி, தாளில் இருந்தால் வழக்கு என்ற இந்த இடத்திலிருந்துதான் நான் எப்போதும் யோசிக்கத் தொடங்குகிறேன். உருவம் ஒன்றுதான். மாறுவது பார்க்கிற இடமும் நோக்கமும். அப்படியானால் சட்டம் தேட வேண்டியதும் அவற்றைத்தானே?

‘மனத்தைக் கெடுப்பது’ என்ற அளவுகோல் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்திலிருந்து. 1868ஆம் ஆண்டு ஹிக்ளின் வழக்கு. கத்தோலிக்கப் பாவமன்னிப்பு முறையைத் தாக்கி எழுதிய ஒரு துண்டு நூலை ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். அவர் லாபத்துக்காகவோ கிளுகிளுப்புக்காகவோ விற்கவில்லை, மதச் சண்டைக்காக விற்றார். நோக்கம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, தீய தாக்கத்துக்கு ஆட்படக்கூடிய மனம் கொண்டவர்கள் கையில் கிடைத்தால் அவர்களைக் கெடுக்குமா என்றுதான் பார்க்க வேண்டும் என்று தலைமை நீதிபதி காக்பர்ன் சொன்னார்.

இதன் விளைவு என்ன? நாட்டிலேயே எளிதில் சலனப்படக்கூடிய ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு, அவருக்கு ஆகாதது யாருக்கும் ஆகாது என்று முடிவுகட்ட வழி பிறந்தது. அதோடு, நூல் முழுவதையும் படிக்க வேண்டிய தேவையும் போனது. நடுவில் நான்கு வரியைக் கோடிட்டுக் கொடுத்தால் போதும் என்று ஆனது.

நம் உச்ச நீதிமன்றமும் இதை ஏற்றுக்கொண்டதா?

ஏற்றுக்கொண்டது. 1964இல் ரஞ்சித் உதேஷி வழக்கு. பம்பாயில் ஒரு சிறிய புத்தகக் கடையை நடத்திய பங்குதாரர்கள் நான்கு பேர். டி.எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவலின் பிரதி ஒன்றைப் போலி வாடிக்கையாளர் ஒருவருக்கு விற்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வருவதற்குள், 1960இலேயே லண்டன் நடுவர் குழு அந்த நாவலைக் குற்றமற்றது என்று சொல்லிவிட்டது. இங்கே எழுத்தாளர் முல்க்ராஜ் ஆனந்த் சாட்சிக் கூண்டில் ஏறி இது இலக்கியம் என்று சொன்னார். இருந்தும் தண்டனை உறுதியானது. ஆளுக்கு 20 ரூபாய் அபராதம்.

தொகை சின்னதுதான். தீர்ப்பு சொன்ன விஷயம் பெரியது. புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, விற்றதே குற்றத்துக்குப் போதும் என்றது. கலை மேலோங்கி நின்று ஆபாசத்தை நிழலுக்குள் தள்ளிவிட்டால்தான் தப்பிக்கலாம் என்றும் சொன்னது. ஒரு கடைக்காரர் தம் அலமாரியில் இருக்கும் ஆயிரம் புத்தகங்களையும் படித்து, ஒவ்வொன்றிலும் எது எதை நிழலில் தள்ளுகிறது என்று எடைபோட முடியுமா? முடியாது. அதனால் சந்தேகமான புத்தகத்தை அவர் வாங்கியே வைக்க மாட்டார். நீதிமன்றம் தடை செய்யாத எத்தனையோ புத்தகங்கள் இப்படித்தான் வாசகரிடம் போகாமலே நின்றுவிடுகின்றன.

இன்றும் ஹிக்ளின்தான் அளவுகோலா?

இல்லை. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும், கறுப்பினத் தந்தைக்குப் பிறந்த அவருடைய வருங்கால மனைவியும் ஆடையின்றி இருக்கும் படம் ஒன்று ஜெர்மன் இதழில் வந்தது. நிறவெறிக்கு எதிரான செய்தியோடு வந்த படம். 1993இல் அதை ஒரு விளையாட்டு இதழும் ஒரு வங்காள நாளிதழும் மறுபடி வெளியிட்டன. உடனே வழக்கு. முடிய 21 ஆண்டுகள் ஆயின.

சமகாலச் சமூகத்தின் அளவுகோலால் பார்க்க வேண்டும், சராசரி மனிதரின் கண்ணால் பார்க்க வேண்டும், படம் எந்தச் சூழலில் எதைச் சொல்வதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. இது பெரிய முன்னேற்றம். சந்தேகமே இல்லை.

சமூக அளவுகோல் என்றால் யாருடைய அளவுகோல்?

எனக்கு நெருடும் இடம் இதுதான். ஒரே தெருவில் ஒரே வயதுக்காரர்கள் இரண்டு பேருக்குள்ளேயே இது ஒத்துப்போவதில்லை. ஊர்க்கூட்டத்தில் யார் குரல் உரக்கக் கேட்கிறதோ அவர்களுடைய அளவுகோலே ‘சமூகத்தின்’ அளவுகோலாகிவிடும் ஆபத்து உண்டு.

அடுத்த ஆண்டே, 2015இல், இதன் இன்னொரு முகம் தெரிந்தது. காந்தியைச் சந்தித்ததாக ஒரு மராத்திக் கவிஞர் எழுதிய கவிதையை 1994இல் வங்கி ஊழியர் சங்கத்தின் இதழ் ஒன்று வெளியிட்டிருந்தது. மக்கள் பெரிதும் மதிக்கும் வரலாற்று மனிதர்களின் வாயில் ஆபாசச் சொற்களை வைத்தால், சமூக அளவுகோலை இன்னும் கடுமையாகப் பிரயோகிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மன்னிப்புக் கேட்டிருந்த இதழ்க்காரர் விடுவிக்கப்பட்டார். கவிஞர் மீதான வழக்கு தொடர அனுமதி கிடைத்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆபாசம் என்பது படிப்பவரின் மனத்தில் எழும் காம விகாரத்தைப் பற்றிய குற்றம். ஒரு தலைவரின் மரியாதையைக் காப்பது அதன் வேலை கிடையாது. இரண்டையும் கலந்தால், மரியாதைக் குறைவான கவிதை எல்லாமே ஆபாச வழக்கின் வாசலில் போய் நிற்கும்.

கெட்ட வார்த்தை எழுதினால் ஆபாசமா?

இல்லை. தமிழில் இதற்குத் தெளிவான பழைய பாகுபாடே உண்டு. ‘அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்’ என்கிறது தொல்காப்பியம். சபையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்துச் சொல்லுங்கள் என்று பொருள். பின்னால் நன்னூல் இதை இடக்கரடக்கல் என்று வகைப்படுத்தியது. கவனித்துப் பாருங்கள், இலக்கணக்காரர்கள் இதைத் தகுதி வழக்கில் வைத்தார்கள். எந்த இடத்தில் எப்படிப் பேசுவது என்ற நாகரிகம் அது. மீறினால் அவை முகம் சுளிக்கும், அவ்வளவுதான்.

உச்ச நீதிமன்றமும் கிட்டத்தட்ட அங்கேதான் வந்து சேர்ந்தது. சமரேஷ் போஸ் 1967இல் எழுதிய வங்காள நாவல் மீதான வழக்கில், கொச்சையான எழுத்து வேறு, ஆபாசம் வேறு என்று 1985இல் தீர்ப்பு வந்தது. நீதிபதி முதலில் எழுத்தாளரின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு வாசகரின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்ற அருமையான வழிகாட்டுதலும் அதில்தான் இருக்கிறது. அண்மையில் கல்லூரி மாணவர்களைப் பற்றிய ஒரு இணையத் தொடரின் வசனங்களைக் கேட்க, டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி தம் அறையில் இயர்போன் மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது என்று 2023இல் எழுதினார். 2024இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கையே ரத்து செய்தது. வசைச் சொல் அருவருப்பைத் தரலாம், அதிர்ச்சி தரலாம், ஆனால் காமத்தைத் தூண்டுவதில்லை என்பதே காரணம். கோபத்தில் திட்டுகிறவர் யாரும் அந்தச் சொற்களின் நேர்ப்பொருளை மனத்தில் வைத்துத் திட்டுவதில்லையே!

நிர்வாணம் காட்டினாலே ஆபாசம்தானா?

இதற்கும் பதில் இல்லை என்பதுதான். மதுரை எரிந்த கதை நமக்கெல்லாம் தெரியும். ‘இடமுலை கையால் திருகி’ என்று சிலப்பதிகாரம் சொல்லும் இடத்தில் யாருக்காவது காமம் தோன்றுமா? அங்கே இருப்பது ஒரு பெண்ணின் ஆற்றாத கோபம். அவள் உடம்பே ஆயுதமாகிவிட்ட கணம் அது.

1996இல் பூலன் தேவியின் கதையைச் சொன்ன படத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே பொருளில்தான். ஊர் நடுவே அவரை நிர்வாணமாக்கி நடக்க வைக்கும் காட்சி, பார்ப்பவரை அந்தக் கொடுமைக்காரர்கள் மீது வெறுப்புக் கொள்ளச் செய்கிறது, ஆசை கொள்ளச் செய்யவில்லை என்று சொல்லி, பெரியவர்களுக்கான சான்றிதழோடு திரையிட அனுமதித்தது. 2023இல் கேரள உயர் நீதிமன்றத்திலும் இப்படி ஒரு வழக்கு. தன் மேலுடம்பில் தன் பிள்ளைகளை ஓவியம் தீட்ட விட்டு அதைப் பதிவு செய்த தாய் மீது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காப்பதற்கான போக்சோ சட்டம் வரை பாய்ந்திருந்தது. நிர்வாணத்தையும் காமத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடக் கூடாது என்று சொல்லி அவரை விடுவித்தார்கள்.

ஓவியங்கள் விஷயத்தில் நிலைமை எப்படி?

தீர்ப்புகள் நன்றாக இருக்கின்றன. கீழே இருக்கும் அதிகாரிகளிடம் அவை போய்ச் சேர்வதில்லை. 1954இல் பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் அக்பர் பதம்ஸீ வரைந்த காதலர் ஓவியம் மீது வழக்குப் போட்டார்கள். விடுதலையானார். ஏறக்குறைய எழுபது வருடம் கழித்து, லண்டனிலிருந்து ஒருவர் வாங்கி வந்த ஏழு படைப்புகளை மும்பை சுங்கத் துறை ஆபாசம் என்று சொல்லிப் பறிமுதல் செய்தது. எஃப்.என். சூசா வரைந்தவை சில, மற்றவை அதே பதம்ஸீயுடையவை! அழித்துவிடுவார்களோ என்ற அச்சத்தில் உரிமையாளர் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஓட வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. நிர்வாண ஓவியம் எல்லாம் ஆபாசம் ஆகிவிடாது என்று மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

பதம்ஸீ 2020இல் காலமாகிவிட்டார். ஒரே கலைஞர், ஒரே நகரம், ஒரே கேள்வி. முதல் வழக்கில் கிடைத்த பதிலை யாரும் எங்கேயும் குறித்து வைக்கவில்லை என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

கடைசியில் கலைஞர்கள்தானே ஜெயிக்கிறார்கள்? பிறகு என்ன கவலை?

ஜெயிப்பதற்கு எத்தனை வருடம் ஆகிறது என்று பாருங்கள். சமரேஷ் போஸுக்குப் பதினேழு வருடம். பெக்கர் படத்துக்கு 21. ஓவியர் எம்.எஃப். ஹுசைன் மீதான ஆபாச வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2008இல் ரத்து செய்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. இந்த வயதில் அவர் தம் வீட்டில் இருந்து ஓவியம் வரைய வேண்டியவர் என்று நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல் வருத்தத்தோடு எழுதினார். வெளிநாடு போய்விட்ட ஹுசைன் திரும்பி வரவில்லை. 2011இல் லண்டனில் இறந்தார்.

அதே கௌல்தான் பிறகு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக வந்து, நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவோடு சேர்ந்து, 2016 ஜூலையில் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வழக்கில் தீர்ப்பளித்தார். நாவல் வந்தது 2010இல். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகுதான் எதிர்ப்புக் கிளம்பியது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ என்ற பெயரில் எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கினார்கள். தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று 2015 ஜனவரியில் அவர் அறிவித்தார். அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்ன நீதிமன்றம், தீர்ப்பை ‘எழுதுங்கள்’ என்ற ஆணை போன்ற வேண்டுகோளோடு முடித்தது. பிடிக்காவிட்டால் புத்தகத்தை மூடி வைக்கலாம் என்பதும் அதில் உண்டு.

இவையெல்லாம் நீதிமன்றம் வரை போனவை. போகாதவற்றுக்குக் கணக்கே இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் இதழில் ஒரு கதை. பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்த பெண், மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு வலியில் துடிக்கிறாள். அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பில் ‘முலை’ என்ற சொல் மூன்று இடங்களில் பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தது. ஓரத்தில் ‘மார்பு?’ என்று எழுதியிருந்தது. போன் செய்தேன். “சார், நீங்க எழுதிட்டுப் போயிடுவீங்க. கேஸ் வந்தா அச்சடிச்சவன் பேரும் சேர்ந்துதான் வரும். எனக்கு காலேஜ் படிக்கிற பையன் இருக்கான்” என்றார். அவர் நல்ல மனிதர், ஆண்டாளின் நாச்சியார் திருமொழியை உரையோடு அச்சிட்டவர். ‘உன்னித்தெழுந்த என் தடமுலைகள்’ அந்தப் புத்தகத்தில் அப்படியேதான் இருந்தது. அதைச் சொன்னேன். “அது சாமி பாட்டு சார்” என்றார். தேருக்கு விலக்கு, தாளுக்கு இல்லை என்ற சட்டத்தை அவர் படித்ததில்லை. ஆனால் துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்தார்.

நாங்கள் சொல்லை மாற்றினோம். கதாசிரியர் சம்மதித்தார். மார்பு வலிப்பதற்கும் பால் கட்டிய முலை தெறிப்பதற்கும் உள்ள தூரம், பெற்றவர்களுக்குத் தெரியும். அந்தச் சம்மதத்தை நான் கேட்டிருக்கவே கூடாது.

இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஒத்துவராதது, மேற்கிலிருந்து வந்தது என்கிறார்களே?

கூச்சம்தான் பெருமளவில் வெளியிலிருந்து வந்தது என்பேன். குறளில் காமத்துப்பாலுக்கு 25 அதிகாரம், 250 குறள். வீரமாமுனிவர் 1730இல் குறளை லத்தீனில் பெயர்த்தபோது அறத்தையும் பொருளையும் மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாம் பாலை விட்டுவிட்டார். அவர் துறவி, அவருடைய தயக்கம் புரிகிறது. அந்தத் தயக்கம் பின்னால் நம்முடையதாகவும் ஆகிப் பள்ளிக்கூடம் வரை வந்துவிட்டது.

தஞ்சை மராட்டிய அரசவையில், 18ஆம் நூற்றாண்டில், முத்துப்பழனி என்ற தேவதாசிக் கவிஞர் ராதையின் ஊடலைத் தெலுங்கில் காவியமாகப் பாடினார். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். ஒரு வேசி எழுதியது, கண்ணால் பார்க்கவும் தகாதது என்ற கண்டனம் முதலில் எழுந்தது நம் ஊர்ச் சீர்திருத்தவாதிகளிடமிருந்து. பிறகு வெள்ளை அரசாங்கம் தடை செய்தது. ஆண்கள் இதைவிட வெளிப்படையாக எழுதியதெல்லாம் பாடமாக இருக்கிறதே, வெட்கம் பெண்ணுக்கு மட்டுமா என்று நாகரத்தினம்மாள் கேட்டார். 1947இல்தான் தடை நீங்கியது. யார் எழுதினால் ஆபாசம் என்ற கேள்வி, எது ஆபாசம் என்பதற்குள் ஒளிந்திருப்பதை இந்த ஒரு வழக்கில் பார்த்துவிடலாம்.

சினிமாவுக்குத் தனிச் சட்டமா?

ஆமாம், 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராப் சட்டம். 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. வயதைச் சொல்லி எச்சரித்துவிட்டு வெளியிடுவது நல்ல முறை. வெட்டுவது வேண்டாம், வகைப்படுத்தினால் போதும் என்று இயக்குநர் ஷியாம் பெனகல் தலைமையில் அரசு அமைத்த குழுவும் 2016இல் சொன்னது. பெரியவர்கள் காசு கொடுத்து, தெரிந்தே உள்ளே போய் உட்காரும் இடத்தில் கத்தரிக்கோலுக்கு வேலை இல்லை.

குழந்தைகளை வைத்து எடுத்தவை? அதற்கும் ‘கலை’ என்று வாதாட முடியுமா?

இங்கே எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. குழந்தையைப் பாலியலுக்குப் பயன்படுத்தி எடுத்த படத்தில் ஒரு குழந்தை நிஜமாகவே காயப்பட்டிருக்கிறது. பார்ப்பவரின் மனம் கெடுமா இல்லையா என்ற பேச்சே அங்கே தேவையில்லை. அதனால்தான் போக்சோ சட்டமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் தனியாக நிற்கின்றன. இப்படிப்பட்டவற்றைப் பதிவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை, உச்ச நீதிமன்றம் அதே செப்டம்பரில் மாற்றியது. ‘குழந்தை ஆபாசப் படம்’ என்ற பெயரே கூடாது, குழந்தைகள் மீதான பாலியல் சுரண்டல், கொடுமையின் பதிவு என்றே சொல்ல வேண்டும் என்றும் அறிவுறுத்தியது. சரியான திருத்தம். நடந்தது ஒரு குற்றம், படம் அந்தக் குற்றத்தின் தொடர்ச்சி என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

இணையத்தில் வெளியிட்டால் என்ன வித்தியாசம்?

தண்டனை கூடும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். வெளிப்படையான பாலுறவுக் காட்சி என்றால் 67ஏ, 5 ஆண்டு, 10 லட்சம், ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது. தாளில் வந்தால் ஜாமீன் உரிமையுள்ள குற்றம், கைப்பேசியில் வந்தால் வேறு கதை என்பது நியாயமாகப் படவில்லை.

ஆனால் இணையம் புதிதாகக் கொண்டுவந்த ஆபத்து வேறு. ஒரு பெண்ணின் முகத்தை வேறொரு உடலில் ஒட்டி அனுப்புவது, காதலித்த காலத்தில் எடுத்த படத்தைப் பிரிந்தபின் பரப்புவது, குளியலறையில் கேமரா வைப்பது. 66இ பிரிவு இதில் ஒரு பகுதியைத் தொடுகிறது. இவற்றையும் ‘ஆபாசம்’ என்ற தலைப்பிலேயே சேர்த்துப் பார்க்கும் பழக்கம் காவல் நிலையத்தில் இருக்கிறது. அதனால் என்ன ஆகிறது? படத்தில் இருப்பவரையே “ஏம்மா இப்படிப் படம் எடுத்துக்கிட்டே?” என்று கேட்கிறார்கள். அவருடைய உடம்பு ஆபாசமானது என்ற தொனி அதில் வந்துவிடுகிறது. அவர் உடம்பில் தவறே இல்லை. அவர் சம்மதம் இல்லாமல் வெளியே போனதுதான் தவறு.

பெண்களை இழிவாகக் காட்டும் விளம்பரங்கள், படங்கள்?

1986ஆம் ஆண்டிலிருந்தே பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடுக்கும் சட்டம் இருக்கிறது. எண்ணம் நல்லது. ஆனால் அதன் வரையறை மறுபடியும் ஒழுக்கம் கெடுவதைப் பற்றியே பேசுகிறது. கனடா உச்ச நீதிமன்றம் 1992இல் பட்லர் வழக்கில் வேறு பாதையில் போனது. ஒழுக்கத்தை விட்டுவிட்டு, தீங்கைப் பார்த்தது. வன்முறையோடு கலந்த பாலியலும், மனிதரை இழிவுபடுத்தும் பாலியலும் சமூகத்தில் தீங்கு விளைவிக்கும் அபாயம் உண்டா என்று கேட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஓரினக் காதல் நூல்களை விற்ற கடைகளைச் சுங்க அதிகாரிகள் வாட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கேள்வி சரியாக இருந்தாலும், கேட்கிறவர் கையில் பென்சில் இருந்தால் பழைய வட்டமே விழும் போலிருக்கிறது.

சரி, உங்கள் கோடு எங்கே?

நிஜமான ஒரு மனிதரின் சம்மதம் மீறப்பட்ட இடத்தில். எடுக்கப்பட்டபோதோ, பரப்பப்பட்டபோதோ, கண்முன் திணிக்கப்பட்டபோதோ. குழந்தையால் சம்மதிக்கவே முடியாது, ஆகவே அங்கே கோடு சுவராகிவிடும். விருப்பமில்லாதவருக்கு அந்தரங்கப் படம் அனுப்புவதும், பள்ளி வாசலில் சுவரொட்டி ஒட்டுவதும் திணிப்பு. அங்கே சட்டம் முழுப் பலத்தோடு வரட்டும்.

எழுத்தில், கோட்டோவியத்தில், கல்லில், கற்பனை மனிதர்களுக்கு நடப்பதில் அப்படிக் காயப்படும் ஆள் யாருமில்லை. வேண்டுமானால் வயது போடுங்கள், உறை போட்டு விற்கச் சொல்லுங்கள். சிறை எதற்கு? கலையா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலையை நீதிபதியிடம் கொடுப்பதும் எனக்குச் சம்மதமில்லை. சுமாரான கதை எழுதியவருக்கும் சிறைக்கு வெளியே இருக்கும் உரிமை உண்டு. மாஸ்டர் என்று பெயர் வாங்கியவரை மட்டும் காப்பாற்றும் சட்டம், முதல் கதை எழுதும் இருபது வயதுப் பெண்ணைக் கைவிட்டுவிடும்.

சட்டத்தில் உடனடியாக மாற வேண்டியது நிரூபிக்கும் பாரம். இது கலை என்று நான் காட்டுவதற்குப் பதிலாக, இன்னாருக்கு இன்ன தீங்கு என்று அரசு காட்டட்டும். அச்சடித்தவரையும் விற்றவரையும் தெரியாமல் செய்த குற்றத்துக்காகப் பிடிப்பதும் நிற்க வேண்டும்.

என் மீது புகார் வந்தால் முதலில் என்ன செய்வது?

தனியாகக் கூப்பிட்டு ‘பேசித் தீர்த்துக்கொள்ளலாம்’ என்றால் வழக்கறிஞர் இல்லாமல் போகாதீர்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நாமக்கல் அனுபவத்துக்குப் பிறகு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். புகாரில் நான்கு வரியை மட்டும் எடுத்துக்காட்டியிருந்தால், நூலின் முழுப் பிரதியையும் பதிலோடு சேர்த்துக் கொடுங்கள். ‘மொத்தமாகப் பார்க்கும்போது’ என்ற சொற்கள் சட்டத்திலேயே இருக்கின்றன. மதிப்புரைகள், கைப்பிரதிகள், ஆசிரியரோடு நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். எந்த நோக்கத்தில் எழுதினீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

உங்கள் நூலைப் பறிமுதல் செய்ய மாநில அரசே ஆணை பிறப்பித்தால், அது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98ஆம் பிரிவின்படி வரும். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு விசாரிக்கும். எழுத்தாளர் மட்டும்தான் போக வேண்டும் என்றில்லை, அந்த நூலில் உரிமை உள்ள பதிப்பாளரும் போகலாம். ஆணை அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதம்தான் கெடு. அரசிதழ்த் தேதியை முதல் வேலையாகக் குறித்து வையுங்கள்.